முதல் ஓனர் வரி கட்டுவார், இரண்டாம் ஓனர் வண்டி ஓட்டுவார்!

2002 ஏப்ரலில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சச்சின் டெண்டுல்கர் தன் 29-வது டெஸ்ட் சதத்தை அடித்து, பிராட்மேனின் கணக்கைத் தொட்டார். அதற்காக ஃபியட் நிறுவனம் அவருக்கு ஃபெராரி 360 மொடெனா ஒன்றைப் பரிசளித்தது. சாவியைக் கையில் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். கார் இந்தியாவுக்கு வரும்போதுதான் தகராறு ஆரம்பித்தது. இலவசமாக வந்த காருக்குச் சுங்க வரி மட்டும் சுமார் 1.13 கோடி ரூபாய். மத்திய அரசு அதைத் தள்ளுபடி செய்ய, 'ஆளுக்கொரு சட்டமா?' என்று நாடெங்கும் கேட்டார்கள். விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது. கடைசியில் ஃபியட்டே வரியைக் கட்டிக் கணக்கை முடித்தது. 2011-ல் சச்சின் அந்தக் காரை சூரத் தொழிலதிபர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

அந்த சூரத்காரரை நினைத்துப் பாருங்கள். சுங்கம், வழக்கு, தலைப்புச் செய்தி எல்லாம் முதல் சொந்தக்காரரோடு முடிந்துபோயின. இவருக்கு வந்து சேர்ந்தது 8,500 ஆர்.பி.எம்.மில் முழு சக்தியையும் கொட்டும் வி8 என்ஜினும், அதன் சத்தமும்.

'புதுசு வாங்க முடியாதவன் பழசு வாங்குகிறான்' என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஆல்டோவுக்கும் ஐ10-க்கும் அது பொருந்தலாம். பழைய போர்ஷேவையோ ஃபெராரியையோ தேடி அலைகிறவர்களில் பலருடைய வீட்டு வாசலில் புத்தம் புது எஸ்.யூ.வி. ஒன்று ஏற்கெனவே நிற்கும். புதுக் காரின் மாத ஈ.எம்.ஐ. அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. இருந்தும், பத்து வருடம் ஓடிய, மூன்று கை மாறிய வண்டிக்காக வாரக் கணக்கில் போன் பேசி, அதைப் பார்ப்பதற்காகவே பெங்களூருக்கும் மும்பைக்கும் விமானம் ஏறுகிறார்கள். இதில் காசுக் கணக்கு உண்டு. ஆனால் அது பாதிக் கதைதான்.

துறைமுகத்தில் ஒரு கோடி, வாசலில் மூன்றரைக் கோடி

முதலில் அந்தப் பாதிக் கதை.

வெளிநாட்டில் முழுதாகத் தயாராகி இங்கே வந்து இறங்கும் கார்களுக்கு இந்தியா போடும் வரி உலகப் பிரசித்தம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார்களின் அடிப்படைச் சுங்க வரியை 2025 பட்ஜெட்டில் 70 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சந்தோஷப்பட நேரமே இல்லை. கூடவே 40 சதவீத விவசாயக் கட்டமைப்பு வரியைச் சேர்த்ததில் மொத்தம் பழையபடி 110-லேயே நின்றது. அதன் மேல் ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஒரே விகிதமாக 40 சதவீதம். அதற்கும் மேல் மாநில அரசின் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார் என்றால் 20 சதவீதம்.

பேப்பரில் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் இறங்கும்போது ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள கார். சுங்கம் கட்டியதும் 2 கோடியே 10 லட்சம். ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 2 கோடியே 94 லட்சம். சாலை வரியோடு மூன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். டீலர் லாபமும் இன்ஷூரன்ஸும் இன்னும் கணக்கில் வரவே இல்லை. ஆக, முதல் ஓனர் கொடுப்பதில் பெரும்பகுதி காருக்குப் போவதில்லை.

அவர் விற்கும்போது அரசாங்கம் அந்த வரியைத் திருப்பித் தராது. வாங்க வருபவரும் 'நீங்கள் கட்டிய வரிக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?' என்ற தோரணையில்தான் பேரத்தை ஆரம்பிப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வைத்திருக்கும் தேய்மான அட்டவணையே ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வருடத்துக்குள் 50 என்று இறங்குகிறது. சந்தை இந்த அட்டவணைக்குக் கட்டுப்பட்டதல்ல. டிரைவர் வைத்து ஓட்டும் பெரிய செடான்கள் இதைவிட வேகமாகச் சரியும். போர்ஷே 911 ஜிடி3 மாதிரியான வண்டிகள் இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் ஆர்வலர்களின் வேட்டைக்காடு: பாக்ஸ்டர், கேமன், சாதாரண 911 கரேரா, ஆடி ஆர்8, பி.எம்.டபிள்யூ. எம்3.

இன்னொரு விஷயம். இந்தியாவில் முதல் ஓனர்கள் இந்த வண்டிகளை அதிகம் ஓட்டுவதில்லை. கல்யாணம், கோயில், ஞாயிற்றுக்கிழமை என்று எடுத்தால் உண்டு. ஐந்து வருடம் ஆகியும் மீட்டர் ஐந்து இலக்கத்தைத் தொடாத வண்டிகள் விற்பனைக்கு வருவது சாதாரணம். இது வரமா சாபமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

வெளிநாட்டிலிருந்து பழைய காரையே இறக்குமதி செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, வலது பக்க ஸ்டியரிங் வேண்டும், வரியும் நூறு சதவீதத்துக்கு மேல். ஆகவே ஜப்பானிலும் இங்கிலாந்திலும் குவிந்து கிடக்கும் நல்ல பழைய வண்டிகள் நமக்கு எட்டாத உயரத்தில். ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட வண்டிகள்தான் கைக்குக் கை சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த வட்டத்தில் இருப்பவர்களுக்கு எந்த வண்டி யாரிடம் இருக்கிறது, எந்த ஊரில் முட்டியது, யார் டிங்கரிங் பார்த்தார்கள் என்பது அத்துப்படி.

இனி செய்ய மாட்டார்கள்

இப்போது மீதிப் பாதிக் கதை. காசு கையில் இருந்தாலும், சில வண்டிகளை ஷோரூமில் போய்க் கேட்க முடியாது. அந்த வகையையே இப்போது தயாரிப்பதில்லை.

போர்ஷே 911-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 1963-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் '901' என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர் எங்களுடையது என்று பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆன வண்டி. என்ஜின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கும். அதை மாற்றாமலேயே அறுபது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் எதையாவது கழற்றிவிட்டார்கள். 1998-ல் காற்றால் குளிரும் என்ஜினின் தயாரிப்பு முழுதாக நின்றது. 2011-ல் வந்த 991-ல் ஹைட்ராலிக் ஸ்டியரிங் போய் எலக்ட்ரிக் ஸ்டியரிங் வந்தது. 2015-ல் கரேராவுக்கு டர்போ பொருத்தினார்கள். 2024-ல் ஜிடிஎஸ் ஹைப்ரிட் ஆனது. மேனுவல் கியர் இப்போது கரேரா டி, ஜிடி3 மாதிரி ஒன்றிரண்டு வகைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மற்ற கம்பெனிகளிலும் இதே கதைதான். ஃபெராரியில் டர்போ இல்லாமல் நடுவில் வி8 வைத்த கடைசி வண்டி 458; 2015-ல் 488 வந்து அதை முடித்துவைத்தது. 8,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டிக் கத்தும் வி8 இருந்த பி.எம்.டபிள்யூ. எம்3 (இ92) 2013-ல் நின்றது. மெர்சிடிஸ் சி63-ன் 6.2 லிட்டர் வி8 இருந்த இடத்துக்குக் கடைசியில் நாலு சிலிண்டர் ஹைப்ரிட் வந்தது. ஆடி ஆர்8 2024-ல் மொத்தமாக மூடப்பட்டது.

புது வண்டிகள் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. வேகத்திலும் பிரேக்கிலும் பாதுகாப்பிலும் பழையவை பக்கத்தில் வர முடியாது. ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போதே, கீழே ஜல்லி கிடக்கிறதா தார் உருகியிருக்கிறதா என்பது ஹைட்ராலிக் ஸ்டியரிங்கில் விரல் நுனிக்குத் தெரியும். புது 911-ல் அதே உணர்வு வருவதற்குள் போலீஸ் கேமராவில் படம் விழுந்துவிடும். நம் ஊர்ச் சாலைக்கு எது பொருத்தம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைப் பொறுத்தவரை, 500 குதிரைச் சக்தியை வைத்துக்கொண்டு சென்னை மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்பதில் ஒரு சுகமும் இல்லை.

பொரித்த முட்டையும் ஒரு பேரிங்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள போர்ஷே 996-ன் கதையைவிட நல்ல பாடம் இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் போர்ஷே கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், டொயோட்டாவில் வேலை பார்த்த ஜப்பானிய வல்லுநர்களைக் கூப்பிட்டுத் தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினார். செலவைக் குறைக்க ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளை உருவாக்கினார்கள். ஒன்று மலிவான பாக்ஸ்டர், இன்னொன்று புது 911. கதவுகள், பானெட், முன் விளக்குகள் என்று முன்பாதி முழுவதும் இரண்டுக்கும் பொது. 1997-ல் வந்த அந்த 911-க்குக் கம்பெனிக்குள் 996 என்று பெயர். வடிவமைத்தவர் ஹாங்காங்கில் பிறந்த பிங்கி லாய்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். காற்றால் குளிரும் என்ஜின் போய்த் தண்ணீர் வந்துவிட்டது. வட்ட விளக்கு போய், மஞ்சள் கரு ஒழுகிய பொரித்த முட்டை மாதிரி ஒரு விளக்கு. அதைவிட, 'பாக்ஸ்டர்காரனுக்கும் எனக்கும் ஒரே முகமா?' என்ற கோபம். ஆனால் 3.4 லிட்டர், 300 குதிரைச் சக்தியோடு வந்த அந்த வண்டிதான் கம்பெனியைக் கரையேற்றியது. 996 விற்காமல் போயிருந்தால் போர்ஷே பிழைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

அடுத்த இடி என்ஜினுக்குள் இருந்து வந்தது. கிராங்க்‌ஷாஃப்டுக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கும் நடுவே ஒரு இடைத் தண்டு ஓடுகிறது. அதன் ஒரு முனையில் சீல் வைத்த பேரிங். காலப்போக்கில் சீல் தேய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸை என்ஜின் ஆயில் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்த பேரிங் நொறுங்கினால் செயின் ஒழுங்கு தவறும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், என்ஜின் காலி. சில ஆயிரம் ரூபாய் சாமான் போய், பல லட்ச ரூபாய் என்ஜினைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களில் குறிப்பிட்ட வகை பேரிங் உள்ள 911, பாக்ஸ்டர் வண்டிகளுக்காக 2013-ல் சமரசம் ஏற்பட்டது. ஒரு வேடிக்கை என்னவென்றால், தினமும் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிகளைவிட, பொத்திப் பொத்தி வைத்திருந்த வண்டிகளில்தான் இந்தப் பேரிங்கை அதிகம் நம்பக் கூடாது என்பார்கள் மெக்கானிக்குகள்.

இவ்வளவும் சேர்ந்து 996-ன் விலையைப் பாதாளத்துக்குத் தள்ளின. இங்கேதான் ஆர்வலர்கள் நுழைந்தார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: வியாதி என்ன என்று தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது, பிறகென்ன பயம்? கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் கீழே இறக்க வேண்டும். அப்போதே பேரிங்கையும் மாற்றிவிட்டால் முடிந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரைத் தாங்கிய ரேஸ் பரம்பரை என்ஜின் இருந்த டர்போவுக்கும் ஜிடி3-க்கும் இந்தச் சிக்கலே கிடையாது. அடுத்து வந்த 997-ல் 2008-க்குப் பிறகு புது என்ஜின் வைத்தபோது அந்த இடைத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

புது வண்டி வாங்குகிறவருக்கு இந்த வசதி இல்லை. அதில் எது எப்போது போகும் என்று செய்தவருக்கே தெரியாது. இருபது வருடம் ஓடிய வண்டியின் ஒவ்வொரு நோயையும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அனுபவித்து, அலசி, மாற்றுப் பாகமும் செய்து வைத்துவிட்டார்கள். தான் தயாரித்த வண்டிகளில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் ஓடுகின்றன என்று போர்ஷே பெருமையடித்துக்கொள்கிறது. பழைய மாடல்களின் பாகங்களுக்கென்று 'போர்ஷே கிளாசிக்' என்ற பிரிவையே வைத்திருக்கிறது. இந்த ஏற்பாடு எல்லாக் கம்பெனிக்கும் கிடையாது. ஒரு இத்தாலிய வண்டிக்கு ஜன்னல் சுவிட்ச் வருவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கழற்றிப் பார்க்கும் இந்த ஆசை நமக்குப் புதிதல்ல. கோவையின் ஜி.டி.நாயுடு இளைஞராக இருந்தபோது, ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து அவர் ஓட்டிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியது. புது வண்டியில் யாரும் அந்தத் துணிச்சலைக் காட்ட மாட்டார்கள். வாரன்டி போய்விடும்.

லிஃப்டில் ஏற்றிய பிறகு

விளம்பரத்தில் எல்லா வண்டியும் 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்'தான். உண்மை லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் தெரியும். இந்த வேலையைச் சரியாகச் செய்யும் மெக்கானிக் பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்தால், பிறகு எந்தக் காரையும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவர் டயருக்குப் பக்கத்தில் குந்துவார். பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் படிப்பார். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். வரிகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது இனி ஆகாது. 997 கரேரா எஸ்-ன் பின் டயர் 295 மில்லிமீட்டர் அகலம். நாலையும் மாற்ற ஆகும் செலவை அப்போதே பேரத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு பெயின்ட் அளக்கும் சின்னக் கருவியை ஒவ்வொரு பேனலிலும் வைப்பார். 100, 120, 130 மைக்ரான் என்று போய்க்கொண்டிருந்த எண் பின் ஃபெண்டரில் 400-க்குத் தாவினால், அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள். ஓனர் உடனே 'சின்னக் கோடுதான் சார், பம்பரோடு போச்சு' என்பார். இந்த வசனம் வராத விற்பனையே கிடையாது.

அடுத்தது ஸ்கேனர். மீட்டரைத் திருப்புவது எளிது. ஆனால் என்ஜின் கம்ப்யூட்டர் தான் ஓடிய மணி நேரத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கும். மீட்டரில் 18,000 கிலோமீட்டர், கம்ப்யூட்டரில் 1,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். தி.நகர் ரங்கநாதன் தெருவிலேயே ஓட்டியிருந்தால் ஒருவேளை சரி. மேனுவல் 911 என்றால் இன்னொரு ரகசியமும் உள்ளே இருக்கும். ஐந்தாவது கியரிலிருந்து நாலுக்குப் போகிறேன் என்று தவறி இரண்டில் போட்டால் என்ஜின் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். எத்தனை முறை, எந்த அளவுக்குத் தாண்டியது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். ஓனர் மறந்திருப்பார், வண்டி மறக்காது.

ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் காட்டி உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று தேடுவார்கள். 2008-க்கு முந்தைய 997-களில் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுப்பது தற்கொலைக்குச் சமம்.

சென்னை வண்டி என்றால் ஒரு சோதனை கூடுதல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்கள் ஏராளம். இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கைகழுவிய வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, வேறு ஊரில் தலை காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் கடைசி ஒரு சாணில் சேற்றுக் கோடு நிற்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பேப்பர். ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கியாக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வயதுக்கேற்ற சாலை வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15 வருட உச்சவரம்பு வந்த பிறகு அங்கே கிழடு தட்டிய கார்கள் தெற்கே மலிவாக வரத் தொடங்கின. மலிவு என்று ஓடிப்போய் வாங்கி, இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் வரித் தொகையைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் உண்டு. குறைந்த வரிக்காகப் புதுச்சேரியில் பதிவு செய்யும் மோகம் கேரளத்தில் 2017-ல் எத்தனை பேரை வழக்கில் இழுத்துவிட்டது என்பது நினைவிருக்கலாம். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்த சொகுசு வாகனங்களைத் தேடிச் சுங்கத் துறை கேரளம் முழுக்கச் சோதனை போட்டது. அந்த மாதிரி வண்டி பறிமுதலானால், நல்ல விலை கொடுத்து நம்பி வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

வண்டி விலை இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும் உண்மை இது. மூன்று கோடி ரூபாய் வண்டி ஒரு கோடிக்கு வந்துவிடும். ஆனால் அதன் பிரேக் டிஸ்க் இன்னமும் மூன்று கோடி ரூபாய் வண்டியின் பிரேக் டிஸ்க்தான். செராமிக் பிரேக் உள்ள வண்டி என்றால் ஒரு செட் மாற்றும் செலவில் நல்ல புதுக் கார் ஒன்றை வாங்கிவிடலாம். 911-ன் என்ஜின் எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கும். ஃபெராரி 355-ல் டைமிங் பெல்ட் மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். 360-ல் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்தால் கை எட்டும். 2004-ல் வந்த எஃப்430-ல்தான் பெல்ட் போய்ச் செயின் வந்தது. எந்த ஃபெராரியை வாங்குவது என்ற கேள்விக்குப் பல ஆர்வலர்களின் பதில் அழகை வைத்து வருவதில்லை. இந்தப் பெல்ட்டை வைத்துத்தான் வருகிறது.

குறைவாக ஓடிய வண்டி வரமா சாபமா என்று மேலே கேட்டிருந்தேன். பெரும்பாலும் சாபம். நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகும், சீல்கள் காய்ந்து ஆயில் கசியும், பேட்டரி செத்துவிடும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். 5,000 கிலோமீட்டர் ஓடிய பத்து வருட வண்டியைவிட, வருடா வருடம் சர்வீஸ் பில் வைத்திருக்கும் 50,000 கிலோமீட்டர் வண்டிக்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

இப்போது பெட்ரோலும் சேர்ந்துவிட்டது. நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு, அதை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் சீல்களும் பற்றிய பயம் எல்லா ஓனருக்கும் இருக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க்குகளின் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் உண்டு. நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கில் எந்தப் பெட்ரோல் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முதல் வருடச் செலவுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது. கையிருப்பு முழுவதையும் வண்டியில் போட்டுவிட்டு, முதல் பில்லுக்கே விற்பனை விளம்பரம் கொடுப்பவர்களால்தான் 'நாலாவது ஓனர்' வண்டிகள் உருவாகின்றன.

விலையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், அங்கிருந்து வரும் கார்களின் சுங்க வரியை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் படிப்படியாக 10 சதவீதம் வரை இறக்க வழி செய்கிறது. புது ஆஸ்டன் மார்ட்டின் விலை இறங்கினால் பழைய ஆஸ்டன் மார்ட்டின் மட்டும் மிதந்துகொண்டிருக்காது. வரியால் தூக்கி நிறுத்தப்பட்ட சந்தை, வரி இறங்கினால் கூடவே இறங்கும். முதலீடாக நினைத்து வாங்குகிறவர்கள் ஷேர் மார்க்கெட்டுக்கே போய்விடலாம்.

கோடு விழுந்த வண்டியின் சுதந்திரம்

இத்தனை தலைவலிக்குப் பிறகும் ஏன்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஈ.சி.ஆர். டோல்கேட் பக்கம் போய் நின்றால் பதில் கிடைக்கும். புது வண்டிக்காரர்கள் வரிசையில் நிறுத்தி, துணியால் துடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். பழைய கேமன்காரர் மாமல்லபுரம் வரை போய் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார். அவருடைய பம்பரில் ஜல்லி தெறித்த புள்ளிகள் நிறைய. முதல் கோடு யாரோ ஒருவர் காலத்தில் விழுந்தாயிற்று. அந்தக் கோட்டுக்காகத் தூக்கம் கெட்டவரும் அவர்தான். இரண்டாம் ஓனர் அந்தக் கவலையை இலவசமாகக் கடந்துவிடுகிறார்.

இன்னும் துணிந்தவர்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறார்கள். 1990 முதல் அங்கே சென்னை ரேஸ் டிராக் இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. டிராக்கில் ஒரு நாள் ஓட்டினால் பிரேக் பேடும் டயரும் கண்ணெதிரே கரையும். மூன்று கோடி ரூபாய்ப் புது வண்டியில் அதைச் செய்ய மனசு வராது. மதிப்பு இறங்கி முடிந்த வண்டியில் வரும்.

என்னைக் கேட்டால், 2009-க்குப் பிறகு வந்த 997 கரேரா, மேனுவல் கியர், இரும்பு பிரேக், தடிமனான சர்வீஸ் ஃபைல். கிடைக்காவிட்டால் அதே வருடத்து கேமன். கூரை திறக்கும் வண்டி சென்னை வெயிலுக்கு வேண்டாம். சரித்திரம் தெரியாத மலிவு ஃபெராரி வேண்டவே வேண்டாம். உலகத்தில் அதைவிட விலை கூடிய பொருள் இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் இன்னொரு வேலை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவையும், தெரு முனை ஸ்பீட் பிரேக்கரையும் அளந்துவிடுங்கள். தெருக்காரர்கள் சேர்ந்து சிமென்டில் போட்ட ஸ்பீட் பிரேக்கர் என்றால் இரண்டு தடவை அளங்கள்.